சிக்னல் இல்லாத ஊரில் என்ன செய்வது? வாசகர் கேள்வி-பதில்

விடுமுறைப் பயணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: அங்கே நெட் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன செய்வது? மலை, தீவு, காட்டு ரோடு என்று இடம்தான் மாறுகிறது. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். சிக்னல் போன பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான், கிளம்புவதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இதைப் பல பதில்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு லடாக் போகிறோம். நாலு பேரிடமும் ப்ரீபெய்டு சிம்தான். அங்கே ஓடாது என்கிறார்கள். பெரிய பேக்காகப் போட்டுக்கொண்டு போனால் போதுமா?
– பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்

போதாது. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. பாதுகாப்புக்காக அரசு வைத்திருக்கும் விதி இது. எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும், எவ்வளவு ரீசார்ஜ் செய்திருந்தாலும் ஒன்றுதான். விமானத்தில் போனால் லேயில் இறங்கியதுமே சிம் செத்துவிடும். மணாலி வழியாகக் காரில் போனால் ஹிமாச்சல் எல்லை வரை கணக்குப்படி ஓட வேண்டும், ஆனால் அந்த ரோட்டில் கேலாங், ஜிஸ்பா தாண்டிவிட்டால் வெகுதூரத்துக்கு எந்த சிம்முக்குமே சிக்னல் கிடையாது.

நாலு பேரில் ஒருவராவது, முடிந்தால் இரண்டு பேர், போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். நம்பர் மாறாது. இரண்டு பேர் மாறினால் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம். லே டவுனில் எல்லாமே எடுக்கும், நூப்ரா பக்கமும் பாங்காங் ஏரிப் பக்கமும் ஒரு கிராமத்தில் ஒன்று எடுக்கும், அடுத்த கிராமத்தில் வேறொன்றுதான் எடுக்கும். மாற்றுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மாறிய பிறகு நினைத்தவுடன் திரும்ப ப்ரீபெய்டுக்கு வர முடியாது, இடையில் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு, அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நம்பரை மாற்றுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைகள்தான் அதிகம் நெட் பார்க்கிறார்கள் என்று அவர்கள் நம்பரை மாற்ற வேண்டாம், பேங்க் கணக்கோடு இணைத்திருக்கும் நம்பரை மாற்றுங்கள். லே ஹோட்டலில் வைஃபை இருக்கும், சிம் செத்திருந்தாலும் அதில் வாட்ஸ்அப் பேசலாம், மெயில் பார்க்கலாம், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அப்புறம் ஒரு நாள் மேகமூட்டத்தில் விமானம் ரத்தாகும், வேறு டிக்கெட் போட உட்காருவீர்கள், பணம் கட்டும் இடத்தில் ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி செத்த சிம்முக்குப் போகும். அந்த இடத்தில் கையில் வைஃபை இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது, யூபிஐ செயலியை மாற்றுவது, புதுப் போனுக்குப் போவது எதையும் பயணத்தின் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாமே நம்பரைச் சரிபார்க்க எஸ்எம்எஸ் கேட்கும்.

பாங்காங் பக்கம் கூடாரத்தில் தங்கினால் கரண்ட் சாயங்காலம் சில மணி நேரம்தான் இருக்கும். குளிருக்கு பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பவர் பேங்க் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி போனையும் பவர் பேங்கையும் போர்வைக்குள்ளேயே வைத்துப் படுங்கள்.

என் மகன் நண்பர்களோடு ஹிமாச்சலில் டிரெக்கிங் போகிறான். "நாலு நாள் போன் எடுக்காதும்மா, பயப்படாதே" என்று சாதாரணமாகச் சொல்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை.
– குடும்பத் தலைவி, தஞ்சாவூர்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. அவன் சொல்வதும் உண்மைதான், அந்த மலைகளில் பல இடங்களில் நாள் கணக்கில் சிக்னல் இருக்காது. அவனைத் தடுக்க வேண்டாம், ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் சில விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ராத்திரி எந்த இடத்தில் தங்குகிறார்கள், கூட்டிப் போகிறவரின் நம்பர், மலைக்குக் கீழே அவர் ஆபீசில் இருக்கும் ஒருவரின் நம்பர், கூடப் போகும் இரண்டு நண்பர்களின் வீட்டு நம்பர், மலை ஏறத் தொடங்கும் ஊரின் போலீஸ் ஸ்டேஷன் எது என்பது. இதோடு மிக முக்கியமான ஒன்று: எந்த நாள், எத்தனை மணிக்குள் அவன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து உங்களைக் கூப்பிடுவான் என்பது. அந்த நேரத்துக்கு மேல் அரை நாள் கூடுதலாக விட்டு, "இதைத் தாண்டினால் நான் இன்னாரைக் கூப்பிடுவேன்" என்று அவனிடமே சொல்லி வையுங்கள். மழை, பாதை அடைப்பு என்று அரை நாள் தாமதம் மலையில் சகஜம். கெடு என்று ஒன்று இருந்தால் அதற்கு முந்தைய நாட்களில் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம், கெடு தாண்டினால் யோசித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் உடனே கூப்பிடலாம்.

அவனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால் வாட்ஸ்அப்போடு எஸ்எம்எஸ்ஸும் அனுப்புங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, மெல்லிய சிக்னல் சில வினாடி கிடைத்தாலே போய்விடும். போன் தொடர்பில் இல்லாவிட்டால் கம்பெனியின் சர்வரில் காத்திருந்து, அவன் சிக்னலுக்குள் வந்ததும் போய்ச் சேரும். தமிழில் தட்டினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் கொள்ளும், புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும், அதனால் சுருக்கமாக எழுதுங்கள். அவனையும் ஒரு மேடான இடம் கிடைக்கும்போதெல்லாம் "நலம், இந்த இடம்" என்று ஒரு எஸ்எம்எஸ் தட்டச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டுப் போவான். நெட் போனதும் அது கடைசியாக இருந்த இடத்திலேயே நின்றுவிடும். புள்ளி நகரவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பதற வேண்டாம், நின்றது நெட்தான்.

அவனிடம் சொல்ல ஒன்று: போனில் "அவசர அழைப்பு மட்டும்" என்று காட்டினால் தன் கம்பெனி டவர் இல்லை, வேறு கம்பெனி டவர் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையிலும் 112க்குக் கூப்பிட்டால் கிடைத்த டவர் வழியாகப் போகும். சிக்னல் இல்லை என்று நினைத்து முயற்சி செய்யாமலே விட்டுவிடக் கூடாது.

மேப் போட்டுக்கொண்டு கொல்லிமலை போனோம். பாதி வளைவில் நெட் போனது, மேப் வெறும் கட்டமாகிவிட்டது. நெட் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யாதா?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

ஜிபிஎஸ் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் போன் நேரடியாகச் செயற்கைக்கோள்களிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்கிறது, அதற்கு நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். இல்லாமல் போனது கீழே விரியும் படம்தான், அதை மேப் அவ்வப்போது நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டே வருகிறது.

வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கூகுள் மேப்பில் மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் "ஆஃப்லைன் மேப்ஸ்" என்று வரும், உள்ளே போனால் ஒரு நீலக் கட்டம் தெரியும், போகும் இடமும் வழியும் அதற்குள் வருகிற மாதிரி இழுத்து டவுன்லோட் கொடுங்கள். மலையை மட்டும் கட்டத்துக்குள் வைக்காதீர்கள், அடிவாரத்தில் இருக்கும் டவுன், பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளே வரட்டும். அவசரத்தில் இறங்கிப் போக வேண்டியது அங்கேதான். இறக்கிய மேப் ஒரு காலத்துக்குப் பிறகு காலாவதியாகிவிடும், அதனால் போன வருஷம் இறக்கினேனே என்று இருந்துவிடாமல் கிளம்பும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

நெட் இருக்கும்போதே மேப்பைத் திறந்து இடம் பிடிக்க வைத்துவிட்டு மலை ஏறுங்கள். எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் வழக்கமாக நெட்டிலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும், நெட் இல்லையென்றால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும், அதற்குச் சில நிமிஷம்கூட ஆகலாம். திறந்த வானத்தின் கீழே அசையாமல் நின்றால் பிடித்துவிடும், பஸ்ஸுக்குள் உட்கார்ந்து காத்திருந்தால் சிரமம்.

ஆஃப்லைனில் கூகுள் மேப் கார் வழி மட்டும்தான் சொல்லும், நடைவழி சொல்லாது. ஆகாய கங்கைக்குப் படி இறங்குவது மாதிரி நடக்க வேண்டிய இடங்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்ம்ஆண்ட் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், ஒற்றையடிப் பாதைகள்கூட நிறைய இருக்கும். அப்புறம், இறக்கி வைத்த மேப்புக்கு இன்றைய நிலவரம் தெரியாது. மண் சரிந்து ரோடு அடைத்திருந்தாலும் அந்த வழியே போகச் சொல்லும். ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகும் காட்டு ரோட்டை ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைத்துவிடுவார்கள், அது தெரியாமல் ராத்திரி செக்போஸ்ட்டில் போய் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, அதுவும் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு. செக்போஸ்ட்டில் இருப்பவரிடமும் டீக்கடையிலும் வழி கேட்டுவிட்டுப் போவது எந்த மேப்பையும் விட நல்லது.

கல்வராயன் மலைப் பள்ளியில் வேலை. வாரா வாரம் போய் வருகிறேன். ஊரில் டவர் நிற்கிறது, என் போனுக்குக் கோடுகூட வருவதில்லை. எந்த சிம் வாங்கலாம்?
– ஆசிரியை, கள்ளக்குறிச்சி

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பெனியைச் சொல்ல மாட்டேன், மலையில் ஒரு மேடு தாண்டினால் நிலைமை மாறிவிடும். முதலில் அந்த ஊர்ப் பெற்றோர்களிடம் கேளுங்கள், எந்த சிம் எடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி எல்லா கம்பெனிகளும் எந்த ஊரில் 4ஜி, 5ஜி இருக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கின்றன, அதையும் பாருங்கள். ஆனால் அது வெட்டவெளிக் கணக்கு, வகுப்பறைச் சுவருக்குள் வேறாக இருக்கும்.

அந்த டவர் யாருடையது என்று விசாரியுங்கள். டவர் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக மத்திய அரசு 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது, 24,680 கிராமங்கள் அதில் வருகின்றன, வேலை பிஎஸ்என்எல்லிடம். அந்த மாதிரி டவராக இருந்தால் பிஎஸ்என்எல் சிம்தான் முதல் தேர்வு. பழைய பிஎஸ்என்எல் சிம் வைத்திருந்தால் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள், பழையதில் 4ஜி வராது. போனையும் கவனியுங்கள். பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் ஓடுகிறது, அலைவரிசை எண் குறைந்தால் அலை அதிக தூரம் போகும், மரம் மட்டை எல்லாம் தாண்டி வரும், அதனால் மலைக்கு அது நல்லது. அதை வாங்கப் போனில் "பேண்ட் 28" இருக்க வேண்டும். பழைய போன் சிலவற்றில் இருக்காது, டவர் அடியிலேயே நின்றாலும் அந்த அலைவரிசை அதற்குத் தெரியாது. போன் மாடல் பெயரோடு தேடினால் எந்தெந்த பேண்ட் உண்டு என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு நல்ல செய்தி. அரசு நிதியில் போட்ட டவர்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் யாராக இருந்தாலும் ஒருவர் டவரை மற்றவர் பயன்படுத்தும் வசதியை 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். எல்லா டவருக்கும் இது பொருந்தாது. உங்கள் போன் செட்டிங்கில் நெட்வொர்க் தேர்வு "ஆட்டோமேட்டிக்" என்று இருக்கிறதா, ரோமிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் கிடைக்கிற டவரைப் போன் பிடித்துக்கொள்ளும்.

பாட வீடியோக்களைக் கள்ளக்குறிச்சியிலேயே இறக்கி மெமரி கார்டில் கொண்டுபோய்விடுங்கள். நெட் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம்.

மலைக்கடையில் சாப்பிட்டுவிட்டு ஜிபே போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நெட் இல்லாமல் பணம் அனுப்ப வழி உண்டா?
– வாசகர், மதுரை

உண்டு. பேசும் அளவுக்கு சிக்னல் இருந்தால் போனில் *99# என்று போட்டுக் கூப்பிடுங்கள், திரையில் பட்டியல் வரும், எதிராளியின் மொபைல் நம்பரோ யூபிஐ ஐடியோ கொடுத்து, தொகை போட்டு, யூபிஐ பின் அடித்தால் பணம் போய்விடும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. பேங்க் கணக்கோடு இணைத்த சிம்மிலிருந்துதான் போக வேண்டும். எல்லா கம்பெனி சிம்மிலும் இது ஒரே மாதிரி ஓடுவதில்லை, வீட்டில் இருக்கும்போதே யாருக்காவது பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

சின்னத் தொகைக்கான யூபிஐ லைட் நெட் இல்லாமலே ஓடும் என்று ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பின் கேட்காது, வேகமாகப் போகும், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை அனுப்பலாம், 5,000 வரை அதில் போட்டு வைக்கலாம். மெதுவான நெட்டில் சாதாரண யூபிஐயை விடப் பரவாயில்லை. ஆனால் கடைக்காரரின் கியூஆரை ஸ்கேன் செய்து அனுப்ப அதற்கும் நெட் வேண்டும்.

பணம் கணக்கில் கழிந்தது, கடைக்காரருக்குப் போகவில்லை என்றால் அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் அடுத்த நாளுக்குள், கடைக்கு என்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் நஷ்டஈடும் உண்டு. அதற்காகக் கடைக்காரரை அதுவரை காத்திருக்கச் சொல்வது நியாயமே இல்லை. நாலு டேபிள் போட்டு இட்லி விற்கும் அம்மாவுக்கு அன்றைக்கு வந்த காசில்தான் அடுத்த நாள் அரிசி. நோட்டாக எடுத்துக்கொண்டு போங்கள், அதிலும் 10, 20, 50, 100 என்று சில்லறையாக. மலையில் 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைப்பதும் பெரும்பாடு.

வால்பாறை பக்கம் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் நெட் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், கோவை மாவட்டம்

வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் மொபைல் பூஸ்டர் வைத்திருப்பதும் விற்பதும் பொருத்துவதும் சட்டப்படி குற்றம், ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதற்காக அது சட்டப்படி சரியாகிவிடாது. பறிமுதல் செய்து அபராதம் போட முடியும். சட்டத்தை விடுங்கள், ஊருக்கும் அது கெடுதல். பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினால் மற்றவர்கள் பேச்சு தலைவருக்குக் கேட்காதே, அப்படித்தான். உங்கள் வீட்டில் நாலு கோடு வரும், பக்கத்து லைன் வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் போன் பாதியில் அறுந்துபோகும். இருக்கிற ஒரே டவரை எல்லாருமாகப் பகிர்ந்து வாழ்கிற இடம் அது.

சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்று இருக்கிறது: சிம் போடும் 4ஜி ரவுட்டர், வெளியே ஆன்டெனா மாட்டும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போய் அளந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் அளவு டிபிஎம் என்று மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115க்குக் கீழே போய்விட்டால் நிலையாக நிற்காது. மாடியின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியும் பாருங்கள், ஒவ்வொரு கம்பெனி சிம்மையும் போட்டுப் பாருங்கள். பத்தடி நகர்ந்தால் எண் எவ்வளவு மாறுகிறது என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். எந்த மூலையில் எண் நன்றாக இருக்கிறதோ அங்கே ஆன்டெனாவை டவர் பக்கம் திருப்பி மாட்டுங்கள். ஆன்டெனாவிலிருந்து ரவுட்டர் வரை கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு சிக்னல் வழியிலேயே கரையும், அதனால் ரவுட்டரையும் மாடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, கீழே அறைகளுக்குச் சாதாரண நெட் கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இணைப்பு முனைக்குள் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்ற மறக்காதீர்கள். வைஃபை வந்துவிட்டால் விருந்தினர்கள் தங்கள் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்து சாதாரணப் போன்கூடப் பேசலாம்.

ஃபைபர் வாய்ப்பையும் விசாரியுங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட் கையில் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை வந்திருந்தால் அங்கிருந்து வாங்க வழி கேட்கலாம்.

கனடாவிலிருந்து அண்ணன் வருகிறார், இரண்டு பேரும் இமயமலை போகிறோம். செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். எடுத்துவரச் சொல்லலாமா?
– வாசகர், சென்னை

வேண்டவே வேண்டாம், இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, கார்மின் இன்ரீச் மாதிரியான கருவியோ இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். துராயா, இரிடியம் போன்களுக்கு அறவே தடை. இன்மார்சாட் போன் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் தொலைத்தொடர்புத் துறை அனுமதியோடு பிஎஸ்என்எல் வழியாக. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரைப் போலீஸ் பிடித்த செய்தி வந்தது. பாதுகாப்புக்காக வாங்கிய கருவியால் கோர்ட்டு, வக்கீல் என்று அலைய வேண்டாம்.

ஜிபிஎஸ் வாட்ச் கொண்டுவரலாம், அது சிக்னலை வாங்கிக்கொள்கிறது, திருப்பி அனுப்புவதில்லை. ஐபோனில் இருக்கும் சாட்டிலைட் அவசர உதவி வசதி இந்தியாவில் இல்லை, அதை நம்பி ஏற வேண்டாம். செயற்கைக்கோள் வழியாக நெட் தரும் ஸ்டார்லிங்க் டிஷ்ஷையும் கொண்டுவர வேண்டாம். இலங்கையில் 2025 ஜூலையில் சேவை தொடங்கிவிட்டது, இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது, அதற்காக வெளிநாட்டில் வாங்கிய டிஷ்ஷை இங்கே கொண்டுவந்து விரிக்க முடியாது. கூட்டிப்போகிற கம்பெனியிடம் கேளுங்கள், மலையில் அவர்கள் எப்படித் தொடர்பு கொள்கிறார்கள், வாக்கிடாக்கி இருக்கிறதா, அடிபட்டால் கீழே தகவல் எப்படிப் போகும் என்று. இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாத கம்பெனியோடு போகாதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை. இரண்டு வாரம் அந்தமானில் தங்கி வேலை பார்க்கலாம் என்று ஆசை. நெட் தாங்குமா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

சில வருஷம் முன்பு கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அப்போது தீவுகள் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போட்ட கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது, நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய போர்ட் பிளேரோடு, ஸ்வராஜ் தீவு என்கிற ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. பலர் தங்க ஆசைப்படும் ஷஹீத் தீவு, அதாவது நீல், அந்தப் பட்டியலில் இல்லை. மீட்டிங் இருக்கும் நாட்களை போர்ட் பிளேரில் வைத்துக்கொண்டு, நீலுக்கு சனி ஞாயிறு போய் வாருங்கள். அறை போடும்போது "வைஃபை உண்டா" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள், ஃபைபரா என்று கேளுங்கள், அறையில் வேகம் சோதித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். தீவுக்குத் தீவு போகும் படகில் வேலை பார்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள், நடுக்கடலில் ஒன்றும் எடுக்காது. பாராடாங் போகும் ரோடு ஜாரவா மக்களின் காப்பகம் வழியாகப் போகிறது, அங்கே போனைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், அதை விட மோசம், அவர்கள் வாழும் இடத்துக்குள் போய் அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது.

சிக்னல் இல்லாத இடத்தில் போனைத் தொடாமலே வைத்திருந்தும் பேட்டரி தீர்ந்துவிடுகிறதே, ஏன்?
– வாசகி, தேனி

டவர் கிடைக்காதபோது போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும், எட்ட இருக்கும் டவரைப் பிடிக்க முழு பலத்தோடு அலையை அனுப்பும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், கேமராவும் ஜிபிஎஸ்ஸும் அப்போதும் வேலை செய்யும். மேடான இடம் வரும்போது மட்டும் ஆன் செய்து பாருங்கள்.

தனுஷ்கோடி போனபோது "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் வந்தது. பில் வருமா?
– வாசகர், பரமக்குடி

அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான், தண்ணீருக்கு மேல் அலை தடையில்லாமல் வரும், நம் டவர் மங்கும் இடத்தில் போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் நம்பரில் சர்வதேச ரோமிங் போட்டிருந்தால் கட்டணம் விழ வாய்ப்பு உண்டு, வருகிற போனை எடுத்தாலும்கூட. போடாவிட்டால் விழாது. இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றுதான், கடிகாரம் மாறாது, அதனால் பலர் கவனிப்பதே இல்லை. ராமேஸ்வரம் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிட்டு, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். திரும்பி ராமேஸ்வரம் வந்ததும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள்.